ஓடுகிற ரயிலில் ஏன் ஆளை ஏற்றவில்லை?

தங்கச்சி, நீ கேட்டதைச் சுருக்கமாக இங்கே மறுபடி எழுதிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். இங்கே மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங்கிலிருந்து தினமும் ஷா ஆலத்துக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறாய். ஜென்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங் எல்லாம் தாண்டி ஜோஹான் செத்தியா வரும்போது மேலே பாலத்தில் ஷா ஆலம் தடத்து எல்.ஆர்.டி. (இலகு ரயில்) விளக்கெல்லாம் எரிய, உள்ளே ஒரு ஆள் இல்லாமல் போகிறது. "98 விழுக்காடு முடிஞ்சது, 99 முடிஞ்சதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, ஓடுற வண்டியில ஆளை ஏத்துறதுக்கு என்ன கேடு?" இது முதல் கேள்வி. ஸ்டேஷன் பக்கத்தில் இப்போதே ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துவிடலாமா என்பது இரண்டாவது. வீட்டு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் முதல் கேள்விக்குள்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பிறகு தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியதும் குலை வெட்டப் போனார். நான் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு பதினெட்டு வருஷம் ரயில் வேலையில் இருந்தேன், பெரும்பாலும் மின்சாரம் ஓடும் மூன்றாம் தண்டவாளம், அப்புறம் டெஸ்டிங். இந்த ஷா ஆலம் தடத்தில் நான் வேலை செய்யவில்லை, அதனால் உள்வீட்டு ரகசியம் எதுவும் என்னிடம் கிடைக்காது. ஆனால் டெஸ்டிங் என்றால் என்ன, அது ஏன் இழுக்கும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் கட்டுமானக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பாதித் தாமதம் அங்கேதான் விதைத்தது. பண்டார் உத்தாமாவிலிருந்து ஜோஹான் செத்தியா வரை சுமார் 37.8 கிலோமீட்டர். 2015-இல் எம்.ஆர்.சி.பி.-ஜார்ஜ் கெண்ட் கூட்டு நிறுவனத்தை, அரசின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான பிரசாரானா நியமித்தபோது பேச்சு 9 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்), 2020-இல் ரயில் ஓடும். 2018-இல் ஆட்சி மாறியது, கணக்கைத் திறந்து பார்த்தால் மொத்தச் செலவு 31.65 பில்லியன் என்று வந்து நின்றது. அந்த வருஷம் ஜூலையில் அப்போதைய நிதியமைச்சர் லிம் குவான் எங் அதை 16.63 பில்லியனுக்கு வெட்டினார். ஆறு பெட்டி கொண்ட 42 ரயில்கள் என்றிருந்தது மூன்று பெட்டி கொண்ட 22 ரயில்கள் ஆனது. ஷா ஆலத்தில் நிலத்துக்கடியில் போக வேண்டிய துண்டு போனது, ஐந்து நிலையங்கள் தள்ளிவைக்கப்பட்டன, மீதி நிலையங்கள் சிறிதாயின. முடிவுத் தேதி 2024-க்குப் போனது.

இதைக் கேட்டால் சாதாரண ஆளுக்குச் செலவுக் குறைப்பு என்றுதான் தோன்றும். வேலைக்காரனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். ரயிலின் நீளம் மாறினால் நிலையத்தின் நீளம் மாறும், மின்சாரக் கணக்கு மாறும், டெப்போவில் வண்டி நிறுத்தும் தடம் மாறும், சிக்னல் வரைபடம் மாறும், ஒப்பந்தத்தின் வகையே மாறியதால் கீழே இருக்கிற ஒவ்வொரு சப்-கான்ட்ராக்டோடும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு முடிந்து வேகம் பிடிக்கும் நேரத்தில் 2020 மார்ச் 18, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, எம்.சி.ஓ. வேலை இடமெல்லாம் பூட்டு, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் ஊருக்குப் போய்த் திரும்பவே இல்லை. பிறகு மண். ஜோஹான் செத்தியா என்றாலே நமக்கு வெயில் காலத்துப் புகைமூட்டம்தான் ஞாபகம் வரும், கீழே கரிமண் பற்றிக்கொண்டால் வாரக்கணக்கில் புகையும். அந்த மாதிரி மண்ணில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். எடை தாங்காது, அதன்மேல் ரயில் போடுவதென்றால் ஆழத்துக்குக் கட்டை (பைல்) அடித்து அடித்துத் திடமான அடுக்கைத் தேடிப் போக வேண்டும். இந்தத் தடத்தின் டெப்போ ஜோஹான் செத்தியாவில்தான் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள். டெப்போ தயாராகாமல் ரயிலைக் கொண்டுவந்து எங்கே நிறுத்துவது? மற்ற இடத்தில் தூணெல்லாம் நின்றுவிட்டாலும் டெப்போ தாமதமானால் டெஸ்டிங் தொடங்கவே முடியாது. வெளியே இருப்பவர்கள் தூணைத்தான் எண்ணுவார்கள், டெப்போவை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, அந்த 98 விழுக்காடு. அது பொய் இல்லை. ஆனால் அது அளப்பது பணத்தையும் கான்கிரீட்டையும். தூண், பாலம், தண்டவாளம், கூரை, எஸ்கலேட்டர் எல்லாவற்றுக்கும் ஒரு எடை போட்டு, முடிந்ததைக் கூட்டினால் வருகிற எண் அது. டெஸ்டிங்குக்கு அதில் கிடைக்கிற பங்கு மிகச் சிறியது, ஏனென்றால் அதில் சிமெண்டும் இல்லை இரும்பும் இல்லை, ஆட்களும் கணினியும்தான். தோட்டத்துக்காரனாகச் சொன்னால் உனக்கு உடனே புரியும்: செம்பனைக் கன்று நட்டு, உரம் போட்டு, வாய்க்கால் வெட்டி முடித்த அன்று நூற்றுக்குத் தொண்ணூறு வேலை முடிந்தது என்று கிராணி (தோட்டக் கணக்கர்) புத்தகத்தில் எழுதலாம். குலை வெட்ட இரண்டரை மூன்று வருஷம் ஆகும். அதனால் கடைசி இரண்டு விழுக்காட்டை முந்தைய இரண்டு விழுக்காட்டோடு ஒப்பிட்டு நாள் எண்ணாதே.

இப்போது அந்த இரண்டு விழுக்காட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ரயிலுக்கு முன்னால் ஒரு இரும்புச் சட்டம் போகும். ரயிலின் உருவ அளவுக்கு இரும்பில் ஒரு சட்டம் செய்து, ஓரமெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி, வேலை வண்டியில் கட்டி, நடக்கிற வேகத்தில் முழுத் தடத்துக்கும் தள்ளிக்கொண்டு போவோம். எங்கேயாவது ஸ்பாஞ்ச் உரசினால் அங்கே ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை நான் அந்த வண்டிக்குப் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு நிலையத்தில் பிளாட்பாரத்து ஓரக் கல் சட்டத்தைச் சுரண்டியது. அளந்தால் விரல் நகத்தின் கனம்கூட இல்லை. ஆனால் அந்த வரிசை முழுவதும் ஒரே ஆள் பதித்தது, அதனால் வரிசை முழுவதையும் இழைக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு நகக்கனத்துக்கு ஒன்பது இரவு போனது. வெளியே யாருக்காவது தெரியுமா? அன்றைக்கும் செய்தியில் விழுக்காடு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு மின்சாரம் விடுவார்கள், ஒரு வண்டியை ஆள் ஓட்டிப் பார்ப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுவார்கள். பிரேக் சோதனைதான் எனக்குப் பிடித்த வேலை, முதுகு ஒடிகிற வேலையும் அதுதான். காலி வண்டி நிற்கிற தூரம் வேறு, காலை ஏழரைக்கு நெருக்கியடித்துக்கொண்டு ஏறிய வண்டி நிற்கிற தூரம் வேறு. ஆளை ஏற்றி டெஸ்ட் செய்ய முடியாது இல்லையா, அதனால் மணல் மூட்டை. ஒரு ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு, இருக்கைக்கு இத்தனை, நிற்கிற இடத்துக்கு இத்தனை என்று மூட்டைகளைப் பரப்பி வைப்போம். எண்ணிக்கை ஒன்று தவறினாலும் அந்த ஓட்டம் செல்லாது, அதனால் ஒரு ஆள் கதவடியில் நின்று ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போடுவார், அப்பா காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி நின்று எழுதிய மாதிரியே. பிறகு தண்டவாளத்தில் தண்ணீர் தெளித்து ஈரத்தில் ஒரு முறை. நம் ஊர் மழை தெரியும்தானே, நாலு மணிக்கு வானம் உடையும், அந்த நேரத்தில்தான் எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வருவார்கள். அது முடிந்தால் மூட்டைகளை இறக்க வேண்டும். ஏற்றியவர்களே இறக்க வேண்டும்.

இதுவரைக்கும் இரும்பு, எடை, தூரம். இவை கஷ்டம்தான், ஆனால் எத்தனை நாள் ஆகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நாள் சொல்ல முடியாதது இதற்குப் பிறகுதான் வருகிறது. ஷா ஆலம் தடத்து ரயிலில் ஓட்டுநர் கிடையாது. வண்டி தான் எங்கே இருக்கிறேன் என்று ஒவ்வொரு நொடியும் தானே கணக்குப் போட்டு, ரேடியோ வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும், அங்கிருந்து இந்த இடம் வரைக்கும் போகலாம் என்று அனுமதி வர வேண்டும். சிக்னல் ஒரு கம்பெனி, ரயில் ஒரு கம்பெனி, தொலைத்தொடர்பு ஒரு கம்பெனி, மின்சாரம் ஒன்று, நிலையக் கதவு இன்னொன்று என்றுதான் பொதுவாக எந்தத் தடத்திலும் வேலை பிரிந்திருக்கும். அவரவர் பட்டறையில் அவரவர் சாமான் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். ஒன்றாகக் கொண்டுவந்து கட்டினால்தான் சண்டை தொடங்கும். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் முப்பது பேர் நிற்க, மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒரு மொழியில் கூப்பிட, ஆட்களில் பாதிப் பேருக்கு அது புரியாமல் போன மாதிரி.

நான் பார்த்த ஒரு சம்பவம், எந்தத் தடம் என்று சொல்ல மாட்டேன். வண்டி நிலையத்தில் சரியாக நிற்கும், கதவு திறக்கும், மூடும், கிளம்பாது. இருபது தடவையில் ஒரு தடவைதான் அப்படி. பத்தொன்பது தடவை ஒழுங்காகப் போகிற ஒன்றை எப்படிப் பிடிப்பது? ரயில்காரன் "கதவு மூடிவிட்டது என்று நான் சொல்லிவிட்டேன்" என்கிறான், அவன் பதிவைப் பார்த்தால் சொல்லியிருக்கிறான். சிக்னல்காரன் "எனக்கு வரவில்லை" என்கிறான், அவன் பதிவைப் பார்த்தால் வரவில்லை. இரண்டு பேர் கடிகாரத்துக்கும் இடையில் கொஞ்சம் வித்தியாசம் இருந்ததால் இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் மென்பொருளில் ஒரு சின்னக் காத்திருப்பு நேரத்தை மாற்றினார்கள். மாற்றியது ஒரு வரி. ஆனால் புது மென்பொருள் என்றால் பழைய சோதனைகளில் எவையெவை பாதிக்கப்படுமோ அவற்றையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும், பிறகு ஒவ்வொரு ரயிலிலும் ஏற்ற வேண்டும், ஏற்றிய ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு மாதம் போனது. இந்த மாதிரி வரிகள் எத்தனை வரும் என்று தொடங்கும் நாளில் எவனாலும் சொல்ல முடியாது.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நீ மேலே பார்க்கிற அந்தக் காலி ஓட்டம். நிஜ அட்டவணைப்படி, நிஜ இடைவெளியில், விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை, ஆள் மட்டும் இல்லாமல். பழுதில்லா ஓட்டம் என்று சொல்லலாம். இத்தனை நாள் தொடர்ந்து பெரிய பழுது வரக்கூடாது என்று விதி. நடுவில் ஒன்று வந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். கோயிலுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறவர் நாற்பதாம் நாள் தவறினால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிற மாதிரிதான். அதனால்தான் "ஓடுகிறது, ஆனால் திறக்கவில்லை" என்ற நிலை மாதக்கணக்கில் இழுக்கிறது. உன் கண்ணுக்குத் தினமும் ஒரே காட்சி, உள்ளே இருக்கிறவர்களுக்கு அது எத்தனையாவது எண்ணிக்கை என்பது வேறு விஷயம். இதெல்லாம் முடிந்து, தனிப்பட்ட பாதுகாப்பு மதிப்பீட்டாளர் ஒப்புக்கொண்டு, அப்பாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் அனுமதி வந்தால்தான் முதல் பயணி ஏறலாம்.

"சின்னச் சின்னப் பழுதுதானே, ஓட்டிக்கொண்டே சரிபண்ணலாமே" என்று கருத்துப் பகுதியில் ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், 2021 மே 24 ராத்திரி எட்டரை மணிவாக்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடம், கே.எல்.சி.சி.க்கும் கம்போங் பாருவுக்கும் நடுவில் சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பேர். 47 பேருக்குப் பலத்த காயம், மற்றவர்களுக்குச் சிறு காயம். 1998-இலிருந்து ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தடம் அது, அதுவரை அப்படி ஒரு மோதல் கிடையாது. தானியங்கி முறை ஒழுங்காக ஓடும்போது விபத்து வரவில்லை. ஒரு வண்டி கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பை இழந்து, பயணிகளை இறக்கிவிட்டு, ஒரு ஆள் கையால் ஓட்டிக்கொண்டு போன நேரத்தில்தான் அது தவறான பக்கம் கிளம்பியது.

அதனால்தான் டெஸ்டிங்கில் பெரும்பகுதி நேரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதில் போவதில்லை. ரேடியோவை வேண்டுமென்றே அணைப்போம், மின்சாரத்தைப் பாதி வழியில் நிறுத்துவோம், வண்டியைத் தான் எங்கே இருக்கிறேன் என்று மறக்க வைப்போம், பிறகு அதை எப்படிப் பத்திரமாக மீட்கிறார்கள், கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற பிள்ளைகள் சரியான கட்டளை கொடுக்கிறார்களா என்று பார்ப்போம். இயந்திரத்துக்கு ஒரு பங்கு சோதனை என்றால் ஆளுக்கு ஒரு பங்கு. பாலத்து மேல் நடுவழியில் வண்டி நின்றால் பயணிகள் எப்படி இறங்கி நடப்பார்கள் என்பதும் இதில் உண்டு. அப்படி ஒரு ஒத்திகையில் பயணியாக நடித்த ஒரு அம்மா, ராத்திரி ஒரு மணிக்கு, குடம் இடுப்பில் வைக்கிற மாதிரி ஒரு பொம்மைக் குழந்தையை இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அந்தக் குறுகிய நடைபாதையில் வந்தார். கைப்பிடி அவர் உயரத்துக்கு எட்டவில்லை. அதைக் குறித்துக்கொண்டோம்.

வெளிநாட்டு உதாரணம் இரண்டு மட்டும் சொல்கிறேன். பக்கத்தில் சிங்கப்பூர். துவாஸ் வெஸ்ட் நீட்டிப்பு 2017 ஜூன் 18-இல் திறந்தார்கள், அங்கே புது சிக்னல், பழைய தடத்தில் பழைய சிக்னல். ஐந்தே மாதத்தில், நவம்பர் 15 காலையில், ஜூ கூன் நிலையத்தில் நின்ற ரயிலின் பின்னால் இன்னொன்று மோதியது, முப்பதுக்கும் மேற்பட்டோர் காயம். பழைய சிக்னல் கருவியில் இருந்த பழுது ஒன்று, புது முறை அந்த ரயிலைச் சுற்றிப் போட்டிருந்த பாதுகாப்பு எல்லையை நீக்கிவிட்டது. பழையதும் புதியதும் சேருகிற மூட்டில்தான் ஆபத்து உட்கார்ந்திருந்தது.

இன்னொன்று கனடாவின் ஒட்டாவா நகரம், அதுவும் லைட் ரயில்தான். அங்கே பன்னிரண்டு நாள் சோதனை ஓட்டம். ஓட்டத்தில் மதிப்பெண் வரவில்லை என்றதும் நடுவிலேயே தேர்ச்சி அளவை 98 விழுக்காட்டிலிருந்து 96-க்கு இறக்கினார்கள். 2019 செப்டம்பர் 14-இல் திறந்தார்கள், ஊரே கைதட்டியது. பிறகு கதவு சிக்கியது, சக்கரம் விரிசல் விட்டது, 2021-இல் ஆகஸ்டு, செப்டம்பர் என்று அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு தடவை தடம் புரண்டது. இரண்டாவதற்குப் பிறகு ஏறத்தாழ எட்டு வாரம் தடமே மூடிக் கிடந்தது. கடைசியில் பொது விசாரணைக் குழு உட்கார்ந்து 2022-இல் அறிக்கை கொடுத்தது, அதில் இந்த அளவை இறக்கிய கதையும் வெளியே வந்தது. திறந்துவிட்டு மூடுவதுதான் பயணிக்கு ரொம்பக் கொடுமை. வேலை நேரத்தை மாற்றியிருப்பாய், மோட்டாரை விற்றிருப்பாய், ஒரு நாள் காலையில் ஷட்டர் இறங்கியிருக்கும்.

நம் ஊரிலும் இது முதல் தடவை இல்லை. எம்.ஆர்.டி. (பெருநகர விரைவு ரயில்) புத்ராஜெயா தடத்தின் முதல் கட்டம் 2021 நவம்பரில் என்றார்கள், 2022 ஜூன் 16-இல்தான் திறந்தது. யாராவது இப்போது அந்த ஏழு மாதத்தைப் பற்றிப் பேசுகிறார்களா?

அதற்காகத் தாமதம் நல்லதுதான் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. எனக்கும் எரிச்சல் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். 2020 போய் 2024, 2024 போய் 2025 மார்ச், பிறகு மூன்றாவது காலாண்டு, பிறகு ஆண்டு முடிவதற்குள் என்று தேதி நகர்ந்துகொண்டே இருந்ததே, அந்தத் தேதி கொடுக்கும் பழக்கத்தின் மேல்தான் எரிச்சல். எல்லாம் முதல் தடவையிலேயே தேறிவிடும் என்று வைத்துக்கொண்டு போட்ட தேதிகள் அவை. கிள்ளானில் ஸ்ரீ அண்டலாஸ் பக்கம் கடை வைத்திருக்கிறவர் அந்தத் தேதியை நம்பித்தான் கடனை நீட்டித்தார், தூண் கட்டிய வருஷமெல்லாம் சாலை நெரிசலில் வியாபாரம் போனவர். தேதிக்குப் பதிலாக எந்தச் சோதனை முடிந்தது, எந்தச் சோதனை பாக்கி, பழுதில்லா ஓட்டம் எத்தனை தடவை பூஜ்யத்துக்குத் திரும்பியது என்று மாதம் ஒரு முறை சொல்லியிருந்தால் ஜனங்களுக்குப் புரியும். நம் ஆட்களுக்குப் புரியாது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். மழை நாள் கணக்கு, குலை நிறம், தண்ணீர் மட்டம் எல்லாம் பார்த்து வேலை நடத்திய ஜனம் இது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. பலர் இதை "நீட்டிப்பு" என்று எழுதுகிறார்கள், உண்மையில் இது தனித் தடம். பண்டார் உத்தாமாவில் எம்.ஆர்.டி.யோடும் கிளன்மேரியில் கிளானா ஜெயா தடத்தோடும் ஆள் மாறி ஏறலாம், ஆனால் ரயில் மாறி ஓடாது. அதனால் பகல் முழுவதும் சோதனை ஓட்ட முடிகிறது. 2015-16-இல் அம்பாங் தடத்தையும் கிளானா ஜெயா தடத்தையும் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டியபோது நாங்கள் பட்ட பாடு வேறு. அங்கே ஓடுகிற தடத்தில் வேலை. கடைசி ரயில் போன பிறகு மின்சாரத்தை அணைத்து, பூட்டுப் போட்டு, கையெழுத்து வாங்கி உள்ளே போனால் உருப்படியாகக் கிடைப்பது மூன்று மணி நேரம். திரும்ப எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்பானர் எண்ணி, வெளியே வந்தபின் முதல் ரயில். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் முதல் ரயில் கிடையாது, தேடு.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், 2018-இல் தள்ளிவைத்த ஐந்து நிலையங்களை 2023 அக்டோபரில் பட்ஜெட் உரையில் பிரதமர் அன்வார் திரும்பக் கொண்டுவந்தார்: ட்ரோப்பிகானா, தெமாஸ்யா, ராஜா மூடா, புக்கிட் ராஜா, பண்டார் போட்டானிக். பண்டார் போட்டானிக் உனக்கு ஜோஹான் செத்தியாவுக்கு அடுத்த நிலையம். தடம் திறந்த பிறகும் அங்கே வேலை நடந்தால் அந்த மூன்று மணி நேரக் கதைதான். கட்டி முடித்தால் சிக்னலில் புது நிலையத்தைச் சேர்க்க வேண்டும், புது மென்பொருள், மறுபடி சோதனை. ஆக, திறந்த பிறகும் சில ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் தாமதமாகத் தொடங்கினால் ஆச்சரியப்படாதே.

சரி, வீடு. ஜோஹான் செத்தியா பக்கம் வாடகைக்குப் போவதென்றால் இரண்டு மாத முன்பணம், அரை மாதம் மின்சார-தண்ணீர் வைப்பு, முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணம் கையில் இருந்து போகும், ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. ரயில் வரும் என்பதற்காக மட்டும் அந்தப் பணத்தை இப்போது போடாதே. வேலை ஷா ஆலத்திலேயே தொடரும், ரயில் இல்லாவிட்டாலும் அங்கிருந்து மோட்டாரில் போக முடியும், பந்திங்கிலிருந்து போவதைவிடப் பாதித் தூரம் குறைகிறது, அதுவே உனக்குப் போதும் என்றால் எடு. அப்போது ரயில் எப்போது வந்தாலும் லாபம்தான். அம்மாவைத் தனியாகத் தோட்டத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் இன்னும் யோசி.

பந்திங்கிலேயே இருந்து ரயில் பிடிப்பதாக இருந்தால் நீ பார்க்க வேண்டியது ரயிலை இல்லை, கீழே. ஜோஹான் செத்தியா நிலையத்தில் மோட்டார் நிறுத்த இடம் எவ்வளவு, கூரை இருக்கிறதா, பந்திங்-கிள்ளான் சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற இடத்தில் காலை ஏழு மணிக்கு லோரி எத்தனை நிற்கிறது. இணைப்புப் பேருந்து எந்தக் குடியிருப்புத் தாமானுக்கெல்லாம் போகும் என்று அறிவிப்பு வந்தால் அதையும் பார். மைஐம்பது அட்டை, மாதம் 50 வெள்ளி, ரேப்பிட் கே.எல். ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்துச் செல்லும். உன் பெட்ரோல் செலவையும் மாதாமாதம் டயருக்கும் செயினுக்கும் போகிறதையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு உனக்கே தெரிந்துவிடும். கே.டி.எம். கொமுட்டருக்கு (புறநகர் ரயில்) அது செல்லாது, கிள்ளானில் மாறலாம் என்று நினைத்தால் தனிக் காசு.

திறப்பு நெருங்குகிறதா என்று தெரிய வேண்டுமா, செய்தியில் வரும் தேதியைப் பார்க்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை பசார் போகிற வழியில் நிலையத்துக்கு எதிரே ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார். ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, இடைவெளி சீராக இருக்கிறதா, நிலையத்தில் நின்று கதவைத் திறந்து மூடுகிறதா இல்லை நிற்காமல் போகிறதா, நடைமேடையில் சீருடை போட்ட நிலைய ஊழியர்கள் நிற்கிறார்களா இல்லை மஞ்சள் சட்டைக்காரர்கள்தானா, எல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொள். மணியையும் சேர்த்து எழுது. எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.